நாற்பத்தொரு நிமிடம்

மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது. அதனால்தான் எனக்குப் போன் வந்தது.

"மாப்ள, நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரியே இருக்கு. டாக்டர்கிட்ட போனேன். மரத்தூள்தான்னு சொல்லிட்டார். அந்தத் தூசி உறிஞ்சற மெஷினுக்கு ஒரு ரிமோட் வச்சுக் குடேன், நீதான் கரண்டு வேலை படிச்சவனாச்சே. ஒவ்வொரு தடவையும் சுவிட்சு போட அந்த மூலைக்கு நடக்க முடியல."

மச்சான் என் மனைவியின் அண்ணன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மேசை, அலமாரி செய்து விற்கிறார். என் மனைவி அங்கே வாரத்துக்கு மூன்று நாள் மரம் தேய்த்தாள். அவள் தேய்த்த பலகையில் கன்னத்தை வைத்துப் படுக்கலாம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. அது மச்சானுக்கும் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அந்தக் கொட்டகையில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரி வாசலில் இறந்துபோனாள்.

அவள் இருந்தவரை அந்த மூலைக்கு நடப்பது யாருக்கும் சிரமமாக இல்லை. யாரும் நடக்கவில்லை.

"சனிக்கிழமை வர்றேன் மச்சான்" என்றேன்.

"நீ தங்கம்டா மாப்ள."

சாவு வீட்டில் மச்சான்தான் எல்லாரையும்விட அதிகமாக அழுதார். என் மனைவி அவருக்கு எப்போதும் 'பாப்பா'தான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதை. "பாப்பா மூச்சு வாங்குதுன்னு வெளிய போய் உக்காந்துச்சு. தண்ணி குடி, சரியாயிடும்னேன். ஆகல. உடனே மாப்ளைக்குப் போன் போட்டேன். உடனே வண்டிய எடுத்தேன்." அத்தை, அதாவது என் மாமியார், அதோடு தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடியே எம்பொண்ணு புருஷனுக்குக் கூப்பிட்டிருக்கா. அவர் எடுக்கவே இல்ல."

அது உண்மை. அவள் என்னைக் கூப்பிட்டது 3.12. நான் மீட்டிங்கில் இருந்தேன். 3.30க்கு மிஸ்டு காலைப் பார்த்தேன். டீ நேரத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். மச்சான் என்னைக் கூப்பிட்டது 3.53.

நடுவில் நாற்பத்தொரு நிமிடம். அதில் என் பங்கு எனக்குத் தெரியும். மச்சான் தன் பங்குக்கு வைத்த பெயர் 'உடனே'.

அந்த ஒரு சொல்லை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வேண்டும், அத்தை காதில் விழும்படி. எட்டு மாதமாக எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் போன் வந்த பிறகு, அதுகூடக் கம்மி என்று தோன்றிவிட்டது. தன் நெஞ்சு அடைத்ததும் ரிமோட் கேட்கிறார்.

எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். இரண்டு ஹெச்பி மோட்டார், மரப்பட்டறை, ரிமோட் வேண்டும் என்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்ன ரிலேயைக் காட்டினேன். ரிமோட் சொல்வதைக் கேட்டு மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இது ஃபேனுக்குப் போடறது. மோட்டார் கிளம்பறப்ப இழுக்கற கரண்டுக்கு ரெண்டே வாரத்துல உள்ள ஒட்டிக்கும். ஒட்டினா சூடாகும். சூடானா..." உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஊதினார். "மரத்தூள் இருக்கற இடம் வேற, பத்திக்கும். யார் வீட்டுக்கு?"

"மச்சான் வீட்டுக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சிரித்தார். "மச்சான் மேல அவ்வளவு பாசமா?"

நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கான்டாக்டர் என்று ஒரு கனமான பெட்டியை எடுத்து வைத்தார். "மோட்டாருக்குன்னே இருக்கறது, இதப் போடுங்க. பத்து வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது."

"ரெண்டையும் குடுங்க."

கூடவே ரிமோட் செட், ஒரு டைமர், மெஷின் ஓடுவதை மோப்பம் பிடிக்கும் இரண்டு சென்சார். எல்லாம் ஒரே பையில்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். ஐந்து நிமிடம் கழித்து கொட்டகை வாசல் திண்டில் ஒரு டீ இருந்தது. வைத்தவர் இல்லை. எட்டு மாதமாக அவர் என்னிடம் பேசுவது இப்படித்தான்.

கொட்டகை நீளமானது. வாசல் பக்கம் அறுப்பு மெஷின். நடுவில் தேய்ப்பு மேசை, மேலே ஜன்னல். கடைசி மூலையில் ஆள் உயர டிரம்மும் தலையில் மோட்டாருமாகத் தூசி மெஷின். அதன் சுவிட்ச், பலகை அடுக்குக்குப் பின்னால் சுவரில். தேய்ப்பு மேசையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். இருபத்திரண்டு எட்டு. கடைசி நான்கு எட்டுக்கு உடம்பை ஒருக்களிக்க வேண்டும்.

மச்சான் ஒரு காதில் போனோடு பின்னால் வந்தார். யாரிடமோ அலமாரிக் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டே என்னிடமும் பேசினார்.

"அறுப்புக்கு மட்டும் வச்சா போதும் மாப்ள. தேய்ப்புக்கு வேணாம். அது சும்மா பவுடர் மாதிரி, லேசு... இல்லண்ணே, உங்களச் சொல்லல, நீங்க சொல்லுங்க."

லேசான தூசிதான் ஆழமாகப் போகும். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காது. இதை அவளுடைய டாக்டர் எனக்கும் அவளுக்கும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியிருந்தார்.

போனை வைத்துவிட்டு மச்சான் சொன்னார்: "இந்தச் சனியன் ஓடினா காது கிழிஞ்சிடும் மாப்ள. போன் பேச முடியாது, பாட்டு கேக்க முடியாது. அதான் பார்ட்டி யாராச்சும் வந்தா மட்டும் போடறது." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பாப்பா இருக்கறப்ப எப்பவும் ஓடும். அதுல நான் கரெக்டு."

"அப்படியா மச்சான்."

"பின்ன?"

அவருக்கு மறுபடி போன் வந்தது. வெளியே போனார்.

மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய மெஷின். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்ய வேண்டும். கொக்கியை விடுவித்து மூடியைத் திறந்தேன். அடியில் இரண்டு கைப்பிடித் தூள். அதன் நடுவில், ஈரம் உறிஞ்ச கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய சின்ன வெள்ளைப் பொட்டலம். வெளியே எடுக்கக்கூட யாரும் டிரம்மைத் திறக்கவில்லை.

மூன்று வருடம் அவள் தேய்த்த தூள் அதில் இல்லை. எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

மூடியைப் போட்டேன். பையிலிருந்து சின்ன ரிலேயை எடுத்தேன்.

ரிமோட் பெட்டியை மாட்டச் சுவரில் இடம் வேண்டும். அங்கே ஒரு மேசைப்பலகை சாத்தியிருந்தது. கால் பொருத்தாத வெறும் பலகை. அதை நகர்த்தி வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. பலகைகளைப் பசை போட்டு ஒட்டும்போதெல்லாம் அடிப்பக்கத்தில் பென்சிலால் தேதியும் நேரமும் எழுதுவார். பசை தடவ ஆரம்பித்த நேரம், கிளாம்ப் போட்டு இறுக்கி முடித்த நேரம். எப்போது கழற்றலாம் என்று தெரிய வேண்டுமே, அதற்கு. கடைசியாகத் தேய்க்கும்போது எழுத்தும் தூளாகிப் போய்விடும்.

இதில் அந்த வியாழக்கிழமையின் தேதி இருந்தது. கீழே: பசை 3.20. கிளாம்ப் 3.48.

இந்தப் பலகையைத் தேய்க்க ஆள் இல்லை. தேய்க்க வேண்டியவள் அந்த நேரத்தில் வெளியே கட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

எழுத்தை நன்றாகப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. எட்டும் மூன்றும் அச்சடித்த மாதிரி. இறுக்கி முடித்து, நேரம் எழுதி, கையைக் கழுவித் துடைத்து, பிறகு எனக்குப் போன். அதற்கு ஐந்து நிமிடம். கணக்கு சரியாக இருந்தது.

பலகையைப் பழையபடி, எழுத்து சுவரைப் பார்க்க, இரண்டடி தள்ளிச் சாத்தினேன். பெட்டியைச் சுவரில் அறைந்தேன். சின்ன ரிலேயை உள்ளே வைத்து முதல் ஸ்க்ரூவை முடுக்கினேன். இரண்டே வாரம் என்று கடைக்காரர் சொன்னது காதில் ஓடியது. இரண்டாவது ஸ்க்ரூவையும் முடுக்கினேன்.

"தம்பி, டீ ஆறிடுச்சே. குடிக்கலையா?"

அக்கா. மச்சானின் மனைவி. அவர் மேல் ஒரு ஏப்ரன். அதன் பையை நீல நூலில் தைத்தது என் மனைவி. கையில் தேய்ப்பு மெஷினில் மாட்டும் உப்புத்தாள் கட்டு.

"நீங்க எங்க இங்க?" என்றேன்.

"பாப்பாவுக்கு அப்புறம் நான்தானே தேய்க்கறேன்." கைக்குட்டையை மூக்குக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். "அவ மாதிரி வராது. உங்க மச்சான் தினமும் அதச் சொல்லிக் காட்டாம விடமாட்டார்."

"இருமல் இருக்கா அக்கா?"

"காலைல எந்திரிச்சா ஒரு அரை மணி நேரம். அப்புறம் இல்ல."

"மச்சான்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே." கைக்குட்டைக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. "தண்ணி குடின்னார்."

அக்கா தேய்க்க ஆரம்பித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூள் எழுந்து அவர் முகத்தைச் சுற்றி நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.

பிறகு இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். சின்ன ரிலேயைப் பைக்குள் போட்டேன். இந்தக் கொட்டகை எரிந்தால் உள்ளே இருக்கப்போவது அக்கா. மச்சான் வெளியே போன் பேசிக்கொண்டிருப்பார்.

கான்டாக்டரை மாட்டினேன். பெரிய கம்பி, சரியான ஃபியூஸ். கடைக்காரர் பார்த்தால் மெச்சியிருப்பார். முதல் சென்சாரைத் தேய்ப்பு மெஷினின் வயரில் போட்டேன், இரண்டாவதை அறுப்பு மெஷினில். இரண்டில் எது ஓடினாலும் தூசி மெஷின் தானாகக் கிளம்பும். ரிமோட்டாலும் கிளப்பலாம். நிறுத்துவது மட்டும் டைமரின் பொறுப்பு. அறுப்பையோ தேய்ப்பையோ நிறுத்திய பிறகும் குழாயில் மிச்சம் இருக்கும் தூள் வந்து சேரவேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஓடி, தானே நிற்கும். வழக்கமாகப் பத்து நொடி வைப்பார்கள்.

பத்து நொடி வைத்தேன். மச்சானைக் கூப்பிட்டேன்.

அவர் வாசலில் நின்றபடி ரிமோட்டை அமுக்கினார். மெஷின் அலறியது. மறுபடி அமுக்கினார். பத்து எண்ணுவதற்குள் அடங்கியது. கதவுக்கு வெளியே போய் அமுக்கினார், முதுகைக் காட்டிக்கொண்டு அமுக்கினார்.

"டிவி மாதிரியே இருக்குடா மாப்ள! நீ படிச்ச படிப்பு இன்னிக்குத்தான் உருப்பட்டிருக்கு."

"அந்த மூலை சுவிட்சைக் கழட்டிடறேன் மச்சான். இனி அது எதுக்கு?"

"தூக்கி எறி. அதால எனக்கு இடுப்பே போச்சு."

அவர் யாருக்கோ போன் போட்டுப் புது ரிமோட்டைப் பற்றிச் சொல்லப் போனார். நான் சுவிட்சைக் கழற்றி, வயரை நேரே பெட்டிக்குள் கொண்டுவந்தேன். பிறகு டைமரின் திருகைப் பிடித்தேன். அது அறுபது நிமிடம் வரை போகும். நாற்பதைத் தாண்டி ஒரு கோடு தள்ளி நிறுத்தினேன். மூடியைப் போட்டு, அவரிடம் சாவி இல்லாத நட்சத்திரத் தலை ஸ்க்ரூ நான்கை முடுக்கினேன்.

ஆறிய டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை பிற்பகல் மீட்டிங்கில் போன் அதிர்ந்தது. இப்போதெல்லாம் நான் போனைக் கவிழ்த்து வைப்பதில்லை. எழுந்து நடைபாதைக்கு வந்தேன்.

"மாப்ள! நிக்க மாட்டேங்குதுடா!" அவர் குரலுக்குப் பின்னால் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. "ரிமோட்ட அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சு போச்சு!"

"மரம் அறுத்து முடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம் இருக்கும்!"

"இன்னும் முப்பத்தோரு நிமிஷம் ஓடும்."

"என்னது?"

"நாற்பத்தொண்ணு வச்சிருக்கேன் மச்சான். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு ஓடித்தான் நிக்கும்."

"பைத்தியமாடா உனக்கு? காது கிழியுது இங்க! எதுக்குடா நாற்பத்தொண்ணு?"

"தண்ணி குடிங்க. சரியாயிடும்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது, அவர் கொட்டகைக்கு வெளியே வந்திருந்தார். மறுபடி பேசியபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"மெயினை அணைச்சிடுவேன்."

"அணைங்க. வீடு மொத்தமும் போகும். அத்தை ஏன்னு கேப்பாங்க. சொல்லுங்க."

"வந்து கொறச்சுக் குடு மாப்ள."

"கொறைக்கறேன். அந்த நாற்பத்தோரு நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு அத்தைகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னு அவங்க எனக்குப் போன் பண்ணட்டும். அடுத்த வண்டில வர்றேன்."

அவரே போனை வைத்தார். அன்றிரவு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, தட்டில் போட்டதை முழுதாகச் சாப்பிட்டேன்.

வேறு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வருகிறவன் டைமரைப் பார்த்து இது ஏன் இப்படி என்று எல்லார் முன்னாலும் கேட்பான்.

அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. 'காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். போன் பேசுவதில்லை. டிரம் இரண்டு தடவை நிறைந்து கொட்டியாகிவிட்டது. எனக்குக் காலை இருமல் குறைந்திருக்கிறது. உங்களை ஒரு வார்த்தைகூடத் திட்டமாட்டேன் என்கிறார் தம்பி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.'

திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாவது வாரம், நான்காவது வாரம். ஒரு பலகை அறுத்தால் நாற்பத்தோரு நிமிடம். ஒரு ஓரம் தேய்த்தால் நாற்பத்தோரு நிமிடம். வாயைத் திறந்தால் பத்து நொடி. அவர் வாயைத் திறக்கவில்லை. பொறுத்துக்கொள்ள முடிகிற ஆள்தான். அன்றைக்குத்தான் ஒரு பலகையை விட முடியவில்லை.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை. பிற்பகல். அத்தையின் நம்பர்.

நடைபாதைக்கு வந்து எடுத்தேன். மெஷின் சத்தம்.

"மாப்ள."

இந்தச் சொல்லை அவர் என்னிடம் சொல்லி எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"சொல்லுங்க அத்தை."

"இது என்னது, நாள் பூரா இப்படிக் கத்துது? வேலைய நிறுத்தின பிறகும் கத்துது. கேட்டா இவன் பேச மாட்டேங்கறான். ஊமை மாதிரி நிக்கறான். மாப்ளையத்தான் கேக்கணும்னு மருமக சொல்றா. நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க அத்தை. மச்சான் கையெழுத்துல இருக்கு. பெட்டிக்குப் பக்கத்துல ஒரு மேசைப்பலகை சாத்தியிருக்கும். திருப்பிப் பாருங்க."

"இருங்க, கண்ணாடிய எடுத்துக்கறேன்... ஏய், இதக் கொஞ்சம் பிடிடி." பலகை தரையில் உரசும் சத்தம். அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் தேதி. அதோடு நின்றுவிட்டார். பிறகு, "பசை மூணு இருபது. கிளாம்ப் மூணு நாப்பத்தெட்டு."

மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

"எம்பொண்ணு உங்களுக்கு எத்தனை மணிக்குக் கூப்பிட்டா?"

"மூணு பன்னெண்டு."

"இவன்?"

"மூணு அம்பத்திமூணு."

நான் எதுவும் விளக்கவில்லை. அத்தை ரேஷன் கடையில் முப்பது வருடம் எடை போட்டவர். கழித்துப் பார்க்க அவருக்கு என் உதவி தேவையில்லை.

"மூணு முப்பதுக்கே நான் மிஸ்டு காலைப் பாத்துட்டேன் அத்தை" என்றேன். இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "டீ நேரத்துல கூப்பிடலாம்னு வச்சுட்டேன்."



"உங்களை அப்புறம் கேக்கறேன்" என்றார். "மொதல்ல இவன். எதிர்லதான் நிக்கறான். என்னைப் பாக்க மாட்டேங்கறான். இந்தச் சத்தத்துல எதக் கேக்கறது? இது எப்ப நிக்கும்?"

"வேலைய நிறுத்தி எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கால் மணி."

"இன்னும் இருபத்தாறு நிமிஷம் அத்தை."

"சரி. அந்த ஸ்டூலை இப்படிப் போடுடி." ஸ்டூல் இழுபடும் சத்தம். அவர் உட்கார்ந்தபோது விட்ட மூச்சு போனில் கேட்டது. "டேய், எங்க போற? நில்லு அங்கயே. நிக்கட்டும் இது. நின்ன பிறகு ஆரம்பத்துலேர்ந்து சொல்லு. 'உடனே'ன்னு ஒரு தடவை வாயில வந்துச்சு, தெரியும்."

போனை அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றேன். டீ கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று கை காட்டினேன்.